வாசல் கல்லில் இருந்த பெயர்

போன கிழமை ஊர்காவற்றுறைத் துறையடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் இடிந்த புகையிலைக் கிட்டங்கியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கூட்டிவந்தவர், பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் இந்தக் கிட்டங்கி முதலாளி ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுத்த தருமவான் என்றார். எனக்குப் பல் கூசியது. ஆனாலும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் துணிச்சல் அவ்வளவுதான்.

இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டு பொழிகல் தூண்களும் ஒரு அரைச் சுவரும். வெயில் ஏறினால் சுவரில் இன்னும் புகையிலை மணக்கும், அல்லது எனக்கு அப்படித் தோன்றும். அம்மாவின் தகப்பன் அங்கே சிப்பம் சுமந்தவர். எத்தனை தரம் முழுகினாலும் அவர் உடம்பிலிருந்து அந்த மணம் போகாதாம்.

கிட்டங்கி வளவில் ஒரு நன்னீர்க் கிணறு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் உவர். எங்கள் ஆட்கள் அதில் வாளி போடக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தாய் காய்ச்சலில் கிடந்த ஒருநாள், நெடுநேரம் நின்றும் ஒருவரும் வரவில்லை. அம்மா தானே வாளியை விட்டுவிட்டார். முதலாளி கண்டார். குடத்தை வாங்கிக் கல்லில் அடித்து உடைக்கச் சொன்னார். பிறகு தீட்டுப் போகக் கிணறு முழுவதையும் இறைப்பித்தார். இறைத்தவர் அம்மாவின் தகப்பன்.

சண்டைக்காலத்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கிட்டங்கிக்குக் கூரை இல்லை. முதலாளி குடும்பம் வெளிநாட்டில். ஆளாளுக்குக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அம்மா கேட்டது ஒரேயொரு கல், வாசலுக்கு மேலே முதலாளியின் பெயர் வெட்டியிருந்த கல். தம்பி அதை லான்ட்மாஸ்டரில் ஏற்றிவந்தான். பெயர் மேலே தெரியும்படி அதைக் கிணற்றடியில் பதிப்பித்து, அம்மா அதில் உடுப்புத் தோய்த்தார். மீனும் அதில்தான் வெட்டுவார். பின்னேரத்தில் மணல் போட்டுத் தும்பால் உரஞ்சுவார். தீவகத்தில் அவ்வளவு சுத்தமான கல் வேறெங்கும் இருந்திராது.

சில வருடம் கழித்து முதலாளியின் பேரன் வந்தார். நல்ல மனுசன், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கோயிலடியில் மண்டபம் கட்டப்போவதாகவும் வாசலில் அந்தக் கல்லை வைக்க விரும்புவதாகவும் சொன்னார்.

"எங்கடை அப்பப்பான்ரை பேர்க் கல்லு உங்களிட்டை இருக்குதாம், அம்மா."

"ஓம், இருக்குது. தரேலாது."

ஏன் என்று கேட்டார். அம்மா குடத்தின் கதையைச் சொன்னார். அவர் முகம் கறுத்துப்போயிற்று. அப்பப்பாவுக்காகத் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்.

"நீர் ஏன் கேக்கிறீர்? கேக்க வேண்டியவர் கேளாமலே செத்திட்டார். இனி அவரின்ரை பேரிலை என்ரை ஊத்தைத் துணி விழட்டும்."

முதலாளி வீட்டுக் கைக்குழந்தைகளையும் 'ஐயா' என்று கூப்பிடப் பழக்கப்பட்ட வாய், அவரைச் சமமாக 'நீர்' என்றது. பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். அவர் கடைசி மிடறு குடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவும் போய்விட்டார். கிட்டங்கிக் கிணறு கல்லும் மண்ணுமாகத் தூர்ந்து கிடக்கிறது. பாய்க்கப்பலைக் கண்ணால் கண்டவர் ஊரில் இல்லை. எங்கள் கிணற்றடிக் கல் வழுவழுவென்று இருக்கிறது. விரலால் தடவினாலும் ஓர் எழுத்து அகப்படாது. பார்க்கிறவர்கள் காலம் அழித்துவிட்டது என்கிறார்கள். அழித்தவர் என் அம்மா.