புயல் என்கிற முத்து

நேற்று சாயங்காலம் என் மனைவி செல்வி முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை வந்ததும் எனக்கு அவள் வலி ஞாபகம் வரவில்லை. அதே எண்ணெயைத் தினமும் தேய்த்துவிட்ட முத்துவின் பின்னங்கால்தான் வந்தது. நல்ல புருஷன் என்று நீங்கள் சிரிக்கலாம்.

முத்து ஒரு சிப்பிப்பாறை நாய். சேத்தூரில் செல்வியின் தாய்மாமா பந்தயத்துக்கு வளர்த்தது. அப்போது அதன் பெயர் புயல்; முத்து நாங்கள் வைத்தது. முன்னால் இழுத்துப் போகும் துணியை முயலென்று நம்பி ஓடி ஓடி, பின்னங்கால் நரம்பு போய்விட்டது. நாங்கள் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மோட்டார் ரூம் பக்கம் கட்டிக் கிடந்தது. விலா எலும்பெல்லாம் வரி வரியாகத் தெரிந்தது. அந்தச் சாதி நாயின் உடம்பே அப்படித்தான் என்று தெரியாமல், பட்டினி போலிருக்கிறது என்று பந்தி வடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செல்வி சின்ன வயதில் நாயிடம் கடிபட்டவள். நாய் என்றாலே நடுங்குவாள். அவள்தான் கேட்டாள், "மாமா, இத நாங்க கொண்டு போகட்டா?"

"ஓடாத நாய வச்சு என்னம்மா செய்வ?"

"நானுந்தான் ஓடல. என்னைய இவுக வச்சிருக்கலையா?"

மாமா என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

லோடு ஆட்டோவில் ஏற்றி மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. மின்விசிறியைக் கண்டு ஒடுங்கியது. மாடிப்படி ஏறத் தெரியாமல் நின்றது, நான்தான் தூக்கிப்போனேன். பந்தய நாய் வைத்திருக்கிறேன் என்று வேலையிடத்தில் பீற்றிக்கொண்டேன். அதுவோ நாளெல்லாம் தூங்கியது. செல்வி எட்ட நின்றே சோறு வைப்பாள். ஒருநாள் அடுப்பு முன்னால் நின்றவளின் காலில் வந்து மெல்லச் சாய்ந்துகொண்டது.

"ஏங்க, மேல சாயுது. என்ன செய்ய?"

"அப்படியே நில்லு."

பால் பொங்கி வழிந்தது. அவள் நகரவில்லை.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை. விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். எனக்கு நைட் ஷிப்ட் விழுந்தால், தெருமுனை நாய்களைத் தனியாகத் தாண்ட முடியாமல் லீவு போடுவாள். வேலை போய்விடும் என்று அழுதிருக்கிறாள். பிறகு முத்து துணைக்குப் போனது. அது குரைக்காது. கழுத்தை நிமிர்த்தி நடக்கும், மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் அதைக் கட்டி வைத்திருப்பார். வேலை முடிந்து வரும்போது நான் அழைத்துப் போவேன்.

நானும் கூடப் போயிருந்த ஒருநாள், பூனையைக் கண்டு கயிற்றைப் பறித்துக்கொண்டு, கால் வலியை மறந்து மெயின் ரோட்டைப் பார்த்து ஓடியது. அங்கே லாரி வந்துகொண்டிருந்தது. நான் கத்தியதுதான் மிச்சம். செல்வி துப்பட்டாவை உருவி, தரையில் இழுத்தபடி எதிர்ப்பக்கம் ஓடினாள். முத்து கண்டுவிட்டது. திரும்பி வந்து துணியைக் கவ்வியது. தெருநாய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டியா," என்று மட்டும் சொன்னாள்.

முத்து போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. சேத்தூரில் பந்தயம் நடந்த தரிசில் இப்போது பிளாட் கற்கள். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. காணாமல் போனவை இவை மட்டுமல்ல. இன்று காலை செல்வியோடு பால் வாங்கப் போனேன். வழியை அடைத்து ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. சுற்றிப் போகலாமென்று நான் ஒதுங்கினேன்.

"ஏலே, செத்த தள்ளிப் படு," என்றாள் அவள்.

அது எழுந்து வழி விட்டது.