செத்த பொடியும் பச்சை வயலும்

பாரிவாக்கம் சகாயமேரிக்குப் பயம் கூடவே பிறந்தது. தபால்காரர் மணி அடித்தால் யார் போய்ச் சேர்ந்தார்களோ என்று ஜெபம் பண்ணுவாள். புருஷன் இறந்த பிறகு, ஆவடி குவார்ட்டர்ஸ் ஆட்களின் காக்கிச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்துக்கொண்டே, நிலக்காரர் மனோகரனின் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் வைத்தாள். "இந்த போகம் தேறலன்னா பிளாட்டு போட்டுடுவேன்" என்று அவர் சொன்னது 1992இல். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வேளாண்மை ஆபீசர் வனஜா அவள் வயலை மாதிரி வயலாக எடுத்துக்கொண்டார். ஒரு பாக்கெட் கறுப்புப் பொடி கொடுத்தார். காற்றிலுள்ள சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருந்தன. கஞ்சியில் கலந்து விதைநெல்லில் பூச வேண்டும், யூரியாவில் கால்வாசியைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். கஞ்சியைப் பற்றி சகாயமேரிக்கா சொல்லித்தர வேண்டும்? சட்டைக்குப் போடுவதுபோலவே கொதிக்கக் கொதிக்கப் பொடியில் ஊற்றிக் கலக்கினாள். ஆறியதும் விதையில் பூசினாள்.

நடவு முடிந்த பிறகு ஊர்க் கூட்டத்தில் வனஜா சொன்னார்: "ஆறின கஞ்சிதான் ஊத்தணும். சூடு பட்டா பொடியில இருக்கற உசுருங்க செத்துடும். யூரியாவ அள்ளிக் கொட்டினாலும் சோம்பிப்போயிடும்."

சகாயமேரிக்குச் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மாதிரி வயலும் போச்சு, நிலமும் போச்சு என்று பயந்தாள். மறுநாள் விடிந்ததும், யாரும் வருமுன், குறைக்கச் சொன்ன யூரியாவையும் சேர்த்து வீசிவிட்டு வந்தாள்.

பயிர் கருகருவென்று எழும்பியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பச்சையாக இருந்ததும் பேயாகிப் போயிற்று. வனஜா பூரித்துப்போய் நாற்பது விவசாயிகளை அழைத்துவந்து வரப்பில் நிறுத்தினார். மனோகரனும் வந்திருந்தார்.

கொழுந்தன் கிறிஸ்துதாஸ் பயிரைத் தடவிப் பார்த்தான். "இன்னா பச்ச அண்ணி! நானும் இந்த பொடிய போட்டுட்டு யூரியாவ நிறுத்திடப் போறேன்." அவனுக்கு மூன்று பிள்ளைகள். நிலத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

"வேணாம்பா!" கத்தியே விட்டாள் சகாயமேரி. "நான் கஞ்சிய கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன். அதுங்க அன்னிக்கே செத்துப்போச்சு. இது மொத்தமும் யூரியா."

வனஜாவின் முகம் சுருங்கியது. மனோகரன் திரும்பி நடந்தார்.

கிறிஸ்துதாஸ் மட்டும் கேட்டான்: "அப்போ அந்த பொடி வேலை செய்யுமா, செய்யாதா?"

"எனக்கின்னாடா தெரியும்?" என்று அழுதாள் சகாயமேரி. "நான்தான் அதுங்கள உசுரோட மண்ணுல எறங்கவே உடலியே."