கண்ணாடிமேல் வைத்த பொட்டு

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. என் வீட்டுக் கூடத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், நான் முழு நிதானத்தில் இருக்கும்போது நடந்தது. குடித்திருப்பான் என்று சிலர் நினைக்கலாம். டீயைத் தவிர எனக்கு வேறு பழக்கம் கிடையாது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் பொன்னுரங்கம். கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருக்கிறேன். விடிந்தும் விடியாமலும் தெருத் தெருவாக வால்வு திறக்கப் போவேன். யார் வீட்டில் எதைத் தூக்கி வெளியே போட்டார்கள் என்று ஊரில் முதலில் பார்ப்பவன் நான்தான்.

பார்த்தால் சும்மா வரமாட்டேன். ஓடாத டேபிள் ஃபேன், கைப்பிடி போன குக்கர், கால் உடைந்த ஸ்டூல்... எதையும் விட மனசு வராது. எடுத்து வந்து தட்டிக் கொட்டிச் சரிபண்ணிவிடுவேன். ஆயுசு முடிந்தது என்று அவர்கள் வீசிய ஃபேன் என் கையில் மறுபடி சுற்றும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், கடையில் புதுச் சாமான் வாங்கினால் அது வராது. என் மனைவி கோகிலவாணி, "இது வூடா, காயலாங்கடையா?" என்று கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனாள்.

திங்கட்கிழமை மோட்டார் ரிப்பேர் என்று ஏரிக்கரைப் பக்கம் போனேன். அங்கே ஒரு வேப்ப மரம். உடைந்த சாமி படங்களைக் குப்பையில் போடக் கூடாது என்று அந்த மரத்தடியில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கிருந்து யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். நானும் எடுத்ததில்லை. ஆனால் அன்று கிடந்தது வெறும் ஃப்ரேம். நல்ல தேக்கு, ஓரமெல்லாம் பூவேலை, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே சாமியே இல்லை, எடுத்தால் என்ன தப்பு என்று நினைத்தேன்.

"அந்த மரத்தடியில இருந்தா எடுத்துக்கினு வந்தீங்க? முதல்ல கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க," என்றாள் கோகிலவாணி.

"வெறும் கட்டதான? அது இன்னா பண்ணிடப்போவுது?"

அன்றைக்கே அதில் என் மகள் சுபஸ்ரீயின் படத்தைப் போட்டு மாட்டினேன். எங்களுக்கு ஒரே பெண். மலைமேல் வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் வேனில் மலையேறி இறங்குகிறாள். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் அது, பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6.15. விளக்கேற்றிவிட்டு வந்த கோகிலவாணி அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணாடிமேல் ஒரு சந்தனப் பொட்டு. சரியாக என் மகளின் நெற்றிக்கு நேராக.

உங்களுக்கே தெரியும். கண்ணாடிமேல் பொட்டு வைப்பது இறந்தவர்கள் படத்துக்குத்தான்.

"எவன் வெச்சது இத?" என்று அவள் அழுதாள். நான் துண்டால் துடைத்தேன். ஃப்ரேம் இடுக்கில் இருந்த பழைய சந்தனம் ஈரத்தில் வழிந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் துண்டில் ஒட்டிய சந்தனம் புதுசு. சில்லென்று இருந்தது.

புதன்கிழமை. சுபா வழக்கமாக 5.45க்கு வந்துவிடுவாள். மணி ஆறு. வரவில்லை. போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் சிக்னல் இருக்காதுதான்... ஆனாலும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். கோகிலவாணி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். வீட்டில் நான் மட்டும்.

6.12. ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

கல்லில் சந்தனக் கட்டையை இழைக்கிற சத்தம். எங்கள் வீட்டில் சந்தனக் கல்லே கிடையாது.

சமையலறையில் பார்த்தேன். யாரும் இல்லை. தோட்டத்தில் பார்த்தேன். யாரும் இல்லை.

சத்தம் நின்றது.

கூடத்துக்கு வந்தேன். பொட்டு... ஈரமாக... அதே இடத்தில்.

துடைத்தேன்.

சர்ர்... சர்ர்...

மறுபடி பொட்டு. இந்த முறை நடுவில் குங்குமம்.

துடைத்தேன்... துடைக்கத் துடைக்க...

மல்லிகை வாசம். மாலை வாசம்.

ஃப்ரேமைப் பிடுங்கித் தரையில் வைத்து, ஆணிகளை நெம்பி, என் பெண்ணின் படத்தை உருவி எடுத்தேன்.

சத்தம் நின்றது. மணி 6.24.

6.31க்குப் போன் அடித்தது.

"அப்பா... வேன் லேட்டாதான் கெளம்புச்சு, எறங்கறப்ப பிரேக் புடிக்கலப்பா. வளைவுல போய் கட்டைச்சுவத்துல மோதி நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல. சிக்னல் கெடைக்கற எடத்துக்கு நடந்து வந்தேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை காலை வெறும் ஃப்ரேமை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். குனிந்து சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நெற்றியில் மஞ்சளாக ஒரு கறை. சரியாகத் துடைக்கவில்லை போல என்று நினைத்து நகர்ந்தேன். கறையும் நகர்ந்தது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா தள்ளியே நின்றார். பக்கத்து ஊர், பெயர் பெரியநாயகி என்று பிறகு சொன்னார்.

"எடுத்தது நீங்கதானா? மூணு நாளா அந்த எடத்துல காணமேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"இது உங்களுதா?"

"எங்க வூட்டுக்காரரு எங்கியோ கெடந்துதுன்னு எடுத்துக்கினு வந்தாரு. நல்ல சாமான போட்டுட்டாங்களேன்னு. எங்க பையன் போட்டோவ வெச்சோம். பொட்டு வந்துது. கழட்டிட்டோம். பையன் நல்லா இருக்கான், திருப்பூர்ல வேல செய்யறான்."

எனக்கு மூச்சு வந்தது. "இத ஒடச்சிப் போட்டிருக்கலாமேம்மா."

"ஒடச்சா ஒவ்வொரு துண்டுலயும் மூஞ்சி தெரியும்ல?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஃப்ரேம் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"வெக்கறப்ப உங்க மூஞ்சி அதுல தெரிஞ்சிதா?"

என் கை தானாக நெற்றிக்குப் போனது.

"எங்க வூட்டுக்காரரு இத இங்க கொண்டாந்து வெக்கறப்ப அவருக்கும் தெரிஞ்சிதாம். பொட்டு வெச்ச மாதிரி இருந்துதுன்னு சிரிச்சிக்கினே வந்து சொன்னாரு. மறுநா சாயங்காலம், ஆறேகாலு இருக்கும், கழனில தண்ணி கட்டிக்கினு இருந்தவரு அப்டியே உக்காந்துட்டாரு. அவ்ளோதான்."

அப்போதுதான் அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்தேன்.

அது நேற்றுக் காலை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடியில் கடைசியாகத் தெரிந்தது என் முகம், என் பெண்ணின் முகம் இல்லை. நினைக்க நினைக்க நிம்மதியாக இருக்கிறது.

சுபா இன்று லீவு. உள்ளே அவள் அம்மாவோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது மணி 5.50. ஆறு மணிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு வேகமாக எழுதினேன்.