ஒன்பது அங்குலப் பள்ளம்

என் வீட்டு மனை சாலையைவிட ஒன்பது அங்குலம் தாழ்ந்தது. வீடு கட்டியபோது அப்படி இல்லை. அப்போது சாலையிலிருந்து இரண்டு படி ஏறித்தான் என் வாசலுக்கு வரவேண்டும். பிறகு நான்கு முறை சாலை போட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி, உருட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இன்று எங்கள் கோவில்பத்துத் தெருவில் நடப்பவர்கள் என் வீட்டு ஜன்னலைக் குனிந்து பார்க்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் தெருத் தண்ணீர் முழுவதும் விலாசம் விசாரிக்காமல் என் வீட்டுக்கு வருகிறது. அதற்காகவே மனை முழுக்கச் செங்கல் ஜல்லி கொட்டி இடித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் நிற்கிறது, சேறு மட்டும் இல்லை.

இந்த ஒன்பது அங்குலத்தைப் பற்றி நான் பேசாத ஆள் இல்லை. பால்காரர், தபால்காரர், மின்சாரக் கணக்கெடுக்க வருபவர், எல்லாருக்கும் தெரியும். என் மனைவி, நான் வாயைத் திறக்கும்போதே, "ஒம்பதுதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நான் அரசாங்கச் சம்பளத்தில் முப்பத்து மூன்று வருடம் எண்ணிக்கொண்டே இருந்தவன். மாவட்டம் முழுக்க அலைந்து மாடு, ஆடு, கிணறு, மோட்டார் பம்பு எல்லாவற்றையும் எண்ணி மேலே அனுப்புவது என் வேலை. விழிதியூரில் ஒரு கன்றுக்குட்டியை இரண்டு தடவை எண்ணிவிட்டேனோ என்று சந்தேகம் வந்து, பாதி வழியிலிருந்து சைக்கிளைத் திருப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்றதும் மாடுகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை.

பக்கத்து மனையை வாங்கியவர் காரைக்கால் டவுனைச் சேர்ந்த பாய். இருபத்திரண்டு வருடம் வளைகுடா நாட்டு ஓட்டல்களில் ரொட்டி சுட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். சொந்தமாக ஒரு பேக்கரி வைக்க வேண்டும் என்று அந்த மனையில் கடை கட்டினார். என் வீடு முங்குவதைப் பார்த்துப் பயந்து, கடையின் தளத்தைச் சாலையிலிருந்து மூன்றடி உயர்த்திவிட்டார். ஆறு படி.

"ஏன் பாய், பன்னு வாங்க வர்றவன் மலை ஏறணுமா?" என்று கேட்டேன்.

"ஒங்க வூட்டப் பாத்துதான் சார் ஒசத்துனேன். நாலு தடவ ரோடு போட்டாலும் தாங்கணும்ல?" என்றார்.

படியை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் கடையின் பக்கச் சுவர் சரியாக என் மனை எல்லையில் நிற்கிறது. அதில் ஆறடி அகலத்துக்கு ஒரு வாசல் விட்டிருந்தார்கள். திறந்தால் என் மனை. எங்கள் வீட்டுத் துணி காயும் இடத்தில் அவருடைய ரொட்டி மாஸ்டர் வந்து நிற்பாரா என்று சண்டைக்குப் போனேன். பாய் உடனே, "அடைச்சுடறேன் சார்" என்றார். கொத்தனார்தான் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று தடவை ஏமாற்றினார். எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து பாயின் அடுப்பு வந்து சேர்ந்தது. மூன்று தட்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, எழுநூறு கிலோ. மரச் சட்டத்துக்குள் அடைத்து ஒரு திறந்த லாரியின் நடுவில் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடை திறப்பு. அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. நோன்பு திறக்கும் நேரத்து வியாபாரத்தை நம்பித்தான் பாய் இரண்டு மாஸ்டர்களை வேலைக்குப் பேசி வைத்திருந்தார்.

லாரி டிரைவர் இறங்கி வந்து மாலை போடாத மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"இறக்கறது பார்ட்டி பொறுப்புங்க. ரெண்டு மணிக்கு நாகப்பட்டினத்துல எனக்கு ரிட்டர்ன் லோடு இருக்குதுங்க. அதுக்குள்ள இறங்கலீன்னா கம்பெனிக்கே திருப்பிக் கொண்டு வரச் சொல்லிட்டாங்க."

"திருப்பிப் போனா மறுபடி எப்ப வரும்?"

"ஒரு மாசம் ஆகுமுங்க."

ஒரு மாதம் என்றால் நோன்பே முடிந்துவிடும். பாய் என்னைப் பார்த்தார். "இருவத்திரண்டு வருசம் அடுத்தவன் அடுப்பு முன்னாடி நின்னேன் சார். நம்ம அடுப்பு வாசல்ல வந்து நிக்கிது, எறங்க மாட்டேங்குது."

பெரிய கிடங்குகளில் லாரியின் உயரத்துக்கே மேடை கட்டியிருப்பார்கள். லாரி பின்னால் வந்து ஒட்டி நிற்கும், சாமானை உருட்டிக்கொண்டு போய்விடலாம். எங்கள் தெருவில் ஏது மேடை? வாடகைக் கிரேன் ஒன்றை வரவழைத்தார் பாய். கிரேன்காரர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் மின்கம்பிகள். நான் முன்பே எண்ணியிருந்தேன், ஐந்து.

"மேல போறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வரிச்சிக்குடியிலிருந்து எட்டு சுமையாட்கள் வந்தார்கள். அறுவடைக் காலம், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பாய் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்குத் தலைவரான மேஸ்திரி லாரியில் ஏறி அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நெல்லு மூட்டைன்னா காது இருக்கும், புடிச்சித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடிருவோம். இதுக்கு எங்க பாய் காது?"

ஆனாலும் முயன்று பார்த்தார்கள். கடைப் படிக்கட்டும் சாக்கடையும் குறுக்கே இருந்ததால் லாரி ஆறடி தள்ளித்தான் நிற்க முடிந்தது. அங்கிருந்து மேல் படிக்கு இரண்டு பனஞ்சட்டங்களைச் சாய்த்துப் போட்டு, பலம் பார்க்க நான்கு பேர் அதன்மேல் ஏறி நின்றார்கள். ஒரு சட்டம் 'சடக்' என்றது. நான்கு பேரும் நான்கு பக்கம் குதித்தார்கள். யாருக்கும் அடி இல்லை. பாய் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அதற்குள் வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்து வந்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கவலை வந்தால் அளப்பேன்.

"என்ன ஐயா, எங்களுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் மேஸ்திரி. எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

காதில் வாங்காமல் லாரித் தளத்தை அளந்தேன். தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி. கடைத் தளம் மூன்றடி. லாரி அதிகம், ஒன்பது அங்குலம்.

அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு வழக்கமான எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டேப்பைப் பிடித்தபடியே என் மனையைத் திரும்பிப் பார்த்தேன். லாரி என் மனைக்குள் இறங்கினால் ஒன்பது அங்குலம் தாழும். அப்போது அதன் தளமும் பாய் கடையின் தளமும் ஒரே மட்டம். கொத்தனார் அடைக்காமல் விட்ட அந்த ஆறடி வாசல் நேரெதிரே திறந்து கிடக்கிறது. லாரியின் பக்கப் பலகையை இறக்கி, அடுப்பை அப்படியே தள்ளிவிடலாம்.

இதைக் கண்டுபிடித்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். காரணம், என் மனையில் செப்டிக் டேங்க் இருக்கிறது. பாய் கடைச் சுவரிலிருந்து ஒன்பதடியில் அதன் விளிம்பு தொடங்குகிறது. லாரி ஏழடி அகலம். டிரைவர் ஒரு முழம் தவறினால் எங்கள் வீட்டு நிலைமை என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணக்கூடியதாக இல்லை.

கேட்டருகே நின்றிருந்த என் மனைவி என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"என்னங்க, எதையோ கண்டுபிடிச்சிட்டீங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா டேப்பைச் சுருட்டி இருப்பீங்க. சொல்லுங்க. அந்த மனுசன் படியில ஒக்காந்திருக்கறதப் பாக்க முடியல."

படியில் உட்கார்ந்திருந்த பாய் வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். டேங்க்கைப் பற்றியும் சொன்னேன், அதைத்தான் அதிக நேரம் சொன்னேன்.

பாய் எழுந்து நின்றார். "சார், ஒங்க மனைக்குள்ளயா? வேணாம் சார், எதாச்சும் ஒடஞ்சிட்டா..."

"ஒடஞ்சா கட்டிக்கலாம் பாய். நோன்பு போனா வருமா?" என்றாள் என் மனைவி. அதோடு நிற்காமல் துணிக்கொடியை அவிழ்த்து, தன் மல்லிகைப் பந்தலின் இரண்டு மூங்கில்களைத் தானே பிடுங்கிப் போட்டாள். அந்தப் பந்தலில் என்னைத் தொடக்கூட விட்டதில்லை.

டிரைவர் வந்து இடத்தைப் பார்த்தார். "தாராளமா வருமுங்க. நீங்க அந்தத் தொட்டி ஓரமா நின்னுக்கங்க. உங்க மேல இடிக்காம வந்தா தொட்டி மேலயும் ஏறாது."

எழுபத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. குடையை ஊன்றிக்கொண்டு செப்டிக் டேங்க் விளிம்பில் நின்றேன். லாரி பின்பக்கமாகக் கேட்டுக்குள் நுழைந்தது. "வரட்டும், வரட்டும்" என்று மேஸ்திரி கத்தினார். "போதும், போதும்" என்று நான் கத்தினேன். டிரைவர் இரண்டையும் கேட்காமல் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினார். சக்கரம் என் குடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஜல்லித் தரை நெரிந்தது, அமுங்கவில்லை.

பக்கப் பலகையை இறக்கினார்கள். மட்டம் பார்த்தேன். ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. இடைவெளியின் மேல் கனமான இரும்புத் தகடு ஒன்றைப் போட்டு, அடுப்புக்குக் கீழே இரும்புக் குழாய்களைச் செருகினார்கள். மூன்று பேர் கடைக்குள்ளிருந்து கயிற்றை இழுக்க, நான்கு பேர் லாரியில் நின்று தள்ள, பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி. "தள்ளு... ஏய், சோறு திங்கல? தள்ளு!" அடுப்பு முனகிக்கொண்டே நகர்ந்தது.

பாதி அடுப்பு தகட்டைத் தாண்டிக் கடைக்குள் போனபோது, லாரிக்கு அடியிலிருந்த வில் பட்டைகள் கிறீச்சிட்டன. பாரம் குறையக் குறைய வண்டி எழும்புகிறது! இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. லாரிப் பக்கம் உயர, அடுப்பு கடைப் பக்கமாகச் சாய்ந்தது. மரச் சட்டத்துக்குள் கண்ணாடி நடுங்கியது.

"வண்டி எழும்புது! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நிறுத்தாதீங்க, வெயிட்டு ஏத்துங்க!" என்று டிரைவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். "யாராச்சும் ஏறுங்க! சுவரோரமா நில்லுங்க!"

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி ஓர் அழைப்பு அதுவரை யாரும் விடுத்ததில்லை. பால்காரர் ஏறினார். ஆட்டோக்காரர் ஏறினார். பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர் பையோடு ஏறினார்கள். டிரைவரும் ஏறினார். நான் எண்ணினேன், ஐந்து. ஆளுக்கு அறுபது கிலோ என்றால் முந்நூறு. போதாது.

"இன்னும் ஒரு ஆள் வேணும்" என்றேன்.

என் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"எடை எவ்வளவுன்னு கேட்டீங்க, எறங்கிடுவேன்."

கேட்கவில்லை. வண்டி அடங்கியது.

"ஐயா, அம்மா ஏறினதும்தான் வண்டிக்கே மரியாதை வந்துச்சு" என்றார் மேஸ்திரி. லாரி முழுக்கச் சிரித்தது. சிரித்ததில் வண்டி குலுங்க, "குலுங்காதீங்க!" என்று நான் கத்த, "தள்ளு!" என்று அவர் கத்த, அடுப்பு ஒரே மூச்சில் கடைக்குள் போய் நின்றது.

பாய் சட்டத்தின் இடுக்கில் கைவிட்டுக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். மூன்று தட்டுக்கும் மூன்று கண்ணாடி, மூன்றும் முழுசாக இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு என் குடையை வாங்கி, தூசி தட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். டிரைவர் எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டு நாகப்பட்டினம் போனார். இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. நோன்பு மாதம் முழுவதும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து அந்த ஆறு படியிலும் ஆட்கள் நின்றார்கள். மலை ஏறுகிறோம் என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

கொத்தனார் நான்காவது தடவை வந்தே விட்டார், செங்கல்லோடு. நான்தான் தடுத்தேன்.

"அடைக்க வேணாம் பாய். கதவு போடுங்க."

"துணி காயுற எடம்னீங்களே சார்?"

"அடுப்பு கெட்டுப்போனா எந்த வழியா வெளிய எடுப்பீங்க? யோசிச்சீங்களா?"

அவர் யோசித்திருக்கவில்லை. நான் இரண்டு இரவு யோசித்திருந்தேன்.

கதவு போட்டார். இப்போது மைதா லாரி வாரம் ஒரு தடவை வருகிறது. சாலையில் நிறுத்தினால் ஆட்கள் தலையில் சுமந்து ஆறு படி ஏற வேண்டும், என் மனையில் நிறுத்தினால் மூட்டையை இழுத்துக்கொண்டே உள்ளே போகலாம். அதனால் என் மனையில்தான் நிற்கிறது. மல்லிகைப் பந்தலை என் மனைவி நான்கடி தள்ளிக் கட்டிக்கொண்டாள். வேலை முடிந்ததும் அந்தக் கதவு வழியாக ஒரு தட்டில் சூடான பன் வரும். வேண்டாம் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், எண்ணியும் வாங்கிக்கொள்கிறேன்.

ஐந்தாவது முறையாகச் சாலை போடப் போவதாகப் பேச்சு. போடட்டும். சாலை எவ்வளவு உயர்ந்தாலும் என் மனைக்கும் பாய் கடைக்கும் நடுவில் உள்ள உயரம் மாறாது, கணக்குப் பார்த்துவிட்டேன். கேட்டருகே சரிவை மட்டும் கொஞ்சம் நீட்டிக் கட்ட வேண்டும்.

மைதா லாரி டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைப் பார்த்தே ஓட்டக்கூடியவர்தான். ஆனாலும் கேட்டருகே நின்று ஹார்ன் அடிப்பார்.

"சார், தொட்டிக்கு ஆள் வரலியா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன்.