குளத்தூர் பேருந்தில் எடுத்த படம்

ஒளிந்து வாழ்ந்த ஒரு பெண்ணை அவள் கணவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் அவளைக் கேட்காமல் செய்தேன்.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரரின் புத்தகம் கைக்குக் கிடைத்தது. இளவயதில் இன்னொருவரிடம் உதவியாளராக இருந்தவர். பிறகு சின்னக் கேமராவோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக டோக்கியோ தெருக்களில் நடந்திருக்கிறார். பல நேரம் கேமராவைக் கண்ணில் வைக்காமலே எடுப்பாராம். படங்கள் சாய்ந்திருக்கும், கலங்கியிருக்கும். கறுப்பு கரியாகவும் வெள்ளை சுண்ணாம்பாகவும் மணல் தூவியதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கும் தெருநாய் ஒன்றின் படத்தை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் சில வருடங்கள் அவரால் சரியாகப் படமெடுக்கவே முடியவில்லையாம். அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

நானும் ஒரு சின்னக் கேமரா வாங்கி, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இடுப்பில் வைத்தே எடுக்கத் தொடங்கினேன். ஒரு காலையில் குளத்தூர் பேருந்தில் ஏறப்போன பெண் ஒருத்தி தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அந்த நாய்தான் நினைவுக்கு வந்தது. அழுத்திவிட்டேன். முகம் கலங்கியிருந்தது, யாருக்கும் தெரியாது என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவளே என்னைத் தேடி வந்தாள்.

"சார், பஸ்ல ஏறுறப்ப என்னையப் படம் பிடிச்சது நீங்கதானா?"

"ஆமாம்மா. முகம் தெரியலையே."

"மொகம் எதுக்கு சார்? ஏழு வருசம் அடிச்சவனுக்கு நான் குறுகி நிக்கிறது தெரியாதா? நேத்து குளத்தூருல எறங்குறேன், எதுத்தாப்புல நிக்கிறான்."



படத்தை அழித்தேன். பகிர்ந்தவர்களிடம் கெஞ்சி அழிக்கச் சொன்னேன். மறுநாள் அவளோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போகப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். அவள் வருவதற்குள் ஒருவன் சிரித்தபடி பக்கத்தில் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை.

"படம் எடுத்த சார் நீங்கதானே? ரொம்ப நன்றிங்க. ரெண்டு வருசமா அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சேன். ஒங்க படத்துல பஸ் போர்டு அம்புட்டுத் தெளிவு!"

கேமராவை எடுத்தேன், முதல்முறையாகக் கண்ணுக்கு நேரே வைத்தேன்.

"உங்களை ஒரு படம் எடுக்கணும்."

"என்னைய எதுக்கு?"

"போலீஸ்ல கொடுக்க."

சிரிப்பு நின்றது. எடுத்துவிட்டேன். இந்தப் படம் சாயவும் இல்லை, கலங்கவும் இல்லை.

அந்தப் படத்தைப் புகாரோடு கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு எச்சரித்து எழுதி வாங்கினார்கள். அது போதாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டே நாளில் ஊரைவிட்டுப் போனாள். போகும்போது, "எங்க போறேன்னு ஒங்ககிட்டச் சொல்லமாட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். சொல்லாததே நல்லது என்றேன்.

கேமராவைப் பிறகு தொடவில்லை. ஆனால் தினமும் காலையில் பேருந்து நிலையம் போகிறேன். அவனும் அங்கே நிற்பான், ஒவ்வொரு பேருந்தாகப் பார்த்துக்கொண்டு. அவனைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. இன்னும் அவளைக் கண்டுபிடிக்கவில்லை என்று.

நேற்றும் இன்றும் அவனைக் காணவில்லை.