கட்டணம் கட்டிய வீடு

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன கொஞ்ச நாளிலேயே நானும் கணவரும் ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்கிவிட்டோம். எல்லாம் சின்ன விஷயங்கள். காலையில் அவசரத்தில் நான் கழுவாமல் விட்டுப்போன கோப்பை, மாலையில் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். பூட்டிவிட்டுப் போன குசினி யன்னல் கொஞ்சம் திறந்திருக்கும்.

"இஞ்சேரும், இந்தக் குளிருக்கை யன்னலைத் திறந்து வைச்சிட்டுப் போறீர். ஹீட்டிங் காசு ஆர் கட்டுறது?" என்பார் அவர்.

"நான் திறக்கேல்லை. நீங்கள்தானே கடைசியாப் போனனீங்கள்?"

அவருக்கு விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரு சிவில் நீதிமன்ற அலுவலகத்தில் எழுதுநர் வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் போவோம். அதனால் இருவருமே மற்றவர்தான் என்று நினைத்துக்கொண்டோம். கோப்பையைக் கழுவிவிட்டு ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமும் இருந்தது.

ஒருநாள் தலையிடி என்று வேலையிலிருந்து மத்தியானமே திரும்பினேன். கதவைத் திறந்ததும் வெந்தயம் தாளித்த மணம் வந்தது. அடுப்பில் ஒன்றுமில்லை. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. கணவர் முதல்நாள் இரவே வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நேர்மேலேதான் விமானங்கள் இறங்கும். பின்னேரம் அவற்றை மற்ற ஓடுபாதைக்கு மாற்றுவார்கள். அப்போது சட்டென்று ஒரு அமைதி வரும். அன்றைக்கு அந்த அமைதி வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அவரிடம் சொன்னதற்கு, "கீழ்க்கடைக்காரன் சமைச்சிருப்பான்" என்றார். கீழே இருந்தது கைத்தொலைபேசி திருத்தும் கடை.

அந்த மாதம்தான் அலுவலகத்தில் என்னைக் கட்டணக் கவுண்டருக்கு மாற்றினார்கள். வழக்குப் போடவும், போட்ட வழக்கில் எதையாவது கேட்கவும் முதலில் கட்டணம் கட்டவேண்டும். இப்போது பெரும்பாலானோர் இணையத்திலோ தொலைபேசியிலோ கட்டிவிடுவார்கள். அது ஏலாதவர்கள் நேரம் குறித்துக்கொண்டு கவுண்டருக்கு வருவார்கள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்து பார்த்தால் அவர்களின் கைகள்தான் முதலில் தெரியும்.

அன்றைக்கு வந்த கைகளில் நரம்பு புடைத்திருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண். கம்பளிக் கோட்டு, நெற்றியில் திருநீறு. என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"தங்கச்சி தமிழோ?"

"ஓம் அக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. வீட்டு வழக்கு. திருப்பியும் ஒரு விண்ணப்பம் போட வந்தனான். காசு கொண்டந்திருக்கிறன்."

விண்ணப்பத்தைக் கண்ணாடிக்குக் கீழாகத் தள்ளினார். எந்த வழக்கு என்று பார்க்க விலாசத்தைப் படித்தேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன். அது என் வீட்டு விலாசம்.

என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது. "அக்கா, இந்த வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"நான்தான்" என்றார் சாதாரணமாக. "வேறை ரெண்டு பேரையும் வீட்டுக்காரன் இருத்தியிருக்கிறான். புருசனும் பெண்சாதியும். குற்றம் சொல்லக்கூடாது, நல்ல சனம். அந்தப் பிள்ளைதான் பாவம், கோப்பையைக் கழுவாமல் ஓடும். நான் போய்க் கழுவி வைக்கிறனான்."

அவர் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"உம்மை எங்கையோ பாத்த மாதிரிக் கிடக்கு."

எங்கள் கல்யாணப் படம் படுக்கையறையில் மாட்டியிருந்தது.

ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த வழக்கை இனி நான் தொடக்கூடாது என்றார். இன்னொரு பெண் என் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்வது எனக்குக் கேட்டது. அக்கா தலையை ஆட்டி மறுத்தார். காசைக் கட்டி, முத்திரை குத்திய ரசீதை வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

வீட்டில் கணவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் குசினியின் பின்கதவைப் பார்த்தார். இரும்புப் படியால் பின்பக்கச் சந்துக்கு இறங்கும் கதவு அது. முன்கதவின் பூட்டு புதியது. பின்கதவில் பழைய பூட்டே இருந்தது.

"பொலிசுக்குச் சொல்லுவம்" என்றார்.

"ஒருக்கா நான் கதைச்சுப் பாக்கிறன்."

"பயமில்லையோ உமக்கு?"

பயம் இருந்தது. ஆனால் என் கோப்பையை இத்தனை நாளும் கழுவி வைத்த மனுசிக்குப் பொலிசைக் கூப்பிட மனம் வரவில்லை.

லீவு எடுத்துக்கொண்டு குசினி மேசையில் காத்திருந்தேன். மேலே ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னேரம் அந்தச் சத்தம் நின்றது. நின்ற கையோடு, இரும்புப் படியில் காலடி கேட்டது. அவசரமில்லாத, வீட்டுக்கு வருகிறவரின் காலடி. பின்கதவின் பழைய பூட்டில் திறப்பு திரும்பியது.

அக்கா என்னைக் கண்டு திடுக்கிடவில்லை.

"இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்டபடி சப்பாத்தைக் கழற்றி வைத்தார். "முகம் வாடிக்கிடக்கு. பொறும், தேத்தண்ணி போடுறன்."

தேயிலை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. என் குசினியில், என் கோப்பையில், விருந்தாளிக்குப் போல எனக்கு ஒரு தேத்தண்ணீர் வந்தது. அதைக் குடிக்கப் பயந்தேன். குடிக்காமல் இருக்கவும் பயந்தேன்.

"அக்கா, நீங்கள் இப்ப எங்கை படுக்கிறனீங்கள்?"

"மச்சாள் வீட்டு ஹோலிலை. இரவுக்கு மட்டும்." கதிரையில் அமர்ந்தார். "அவர் செத்தாப் பிறகு வாடகை பிந்திப் போச்சு. வீட்டுக்காரன் வழக்குப் போட்டான். அவன் கோர்ட்டுக்குக் கட்டின காசும் என்ரை கடனிலைதான் ஏறினது. கோர்ட்டு ஆள், பெய்லிப், வந்து என்னை வெளியிலை விட்டிட்டான். திருப்பி விடச்சொல்லி நானும் விண்ணப்பம் போட்டன். ரெண்டு முறை தள்ளிட்டினம்."

"அப்ப ஏன் திருப்பியும் கட்டினனீங்கள்?"

என்னைப் புரியாமல் பார்த்தார். "கட்டினால்தானே வழக்கு உயிரோடை இருக்கும்? வழக்கு இருக்குமட்டும் வீடு என்ரைதானே? ரசீதிலை இந்த விலாசம்தானே அடிச்சிருக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் கவுண்டரில் முத்திரை குத்திக் கொடுத்த ஒவ்வொரு ரசீதையும் அவர் வாடகைச் சீட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சின்ன அறைக்கு முற்பணம் கொடுக்கவென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசும் அப்படித்தான் கரைந்தது என்று அவரே சொன்னார். அதில் பாதி இருந்திருந்தால்கூட அவர் மச்சாளின் ஹோலில் படுக்கத் தேவையில்லை.

"அக்கா, அந்தக் காசு விண்ணப்பத்தை எடுத்துப் பாக்கிறதுக்கு மட்டும்தான். வீட்டுக்கு இல்லை."

"பாத்திட்டு இல்லையெண்டால்?"

"இல்லைதான். காசும் போனது போனதுதான்."

"கவுண்டரிலை அந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஏதோ சும்மாவும் போடலாமெண்டு சொன்னவள். சும்மா போட்டால் ஆர் வாசிப்பினம் எண்டு நான் விட்டிட்டன்."

"எல்லாத்தையும் ஒரே மாதிரித்தான் வாசிக்கிறவை. உங்களுக்குக் கட்டத் தேவையே இருந்திருக்காது, அக்கா."

அவர் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் நான் இல்லாத நேரங்களில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அப்போது கண்டேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல.

"அப்ப நான் கள்ளியைப் போலயோ வந்து போனனான்?" என்றார் கடைசியில்.

மச்சாளின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். திறப்பை மேசையில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். கணவர் அன்றைக்கே பூட்டை மாற்றினார்.

அடுத்த கிழமை அவரை இலவச ஆலோசனை நிலையம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருமானம் குறைந்தவர்கள், கட்டி மூன்று மாதம் தாண்டாத கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கடைசியாகக் கட்டியது மட்டும் அந்தக் கணக்குக்குள் வந்தது. முந்தியவை வரவில்லை. அந்தக் கடைசி விண்ணப்பத்தையும் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். நிலையத்தில் இருந்தவர்கள் உள்ளூர் கவுன்சிலோடு கதைத்து, திரும்பி வந்த காசையும் சேர்த்து, வெஸ்ட் ஈலிங்கில் கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரின் கடனை இன்னமும் மாதாமாதம் கட்டுகிறார்.

ஒரு சனிக்கிழமை அந்த அறைக்குப் போயிருந்தேன். கட்டிலும் ஒரு கதிரையும்தான். கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். ஊர்க்கதை, கோயில்கதை எல்லாம் பேசினோம். நான் புறப்பட எழுந்தபோது வாசல்வரை வந்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு உம்மடை அறையிலை உங்கடை கல்யாணப் படத்தைத் துடைச்சு நேராக்கி வைச்சனான். குறை நினையாதையும்."

"ஒண்டும் நினைக்கேல்லை அக்கா" என்றேன். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும், அவர் சொன்ன நாள் நாங்கள் பூட்டை மாற்றுவதற்கு முந்தியதா பிந்தியதா என்றே யோசித்துக்கொண்டு நடந்தேன்.