டாக்டர்களுக்கு ஒரு டாக்டர்

ஊசியை எடுக்கும்போதே சிரித்துவிடுவார் டாக்டர் விண்ணரசி. "ஐயோ, இன்னும் குத்தவே இல்லீங்க, அதுக்குள்ள இந்தக் கத்து கத்துறீங்களே!" அன்று நெளிந்துகொண்டிருந்தவர் யார் தெரியுமோ? பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் இன்னொரு டாக்டர்!

பூதலூர்ப் பக்கத்து டாக்டர்களுக்கு உடம்புக்கு வந்தால் இவரிடம்தான் வருவார்கள், அதுவும் கொல்லைப்பக்கமாக. டாக்டரிடம் டாக்டர் காசு வாங்கக் கூடாது என்பது அவர்கள் சங்கத்து வழக்கம். போலி வைத்தியர்களை ஒழிக்கவென்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய சங்கம் அது. இப்போது மாதாமாதம் புது மருந்து பற்றி ஒரு சொற்பொழிவு, பிறகு பிரியாணி. பிரியாணிக்குத்தான் கூட்டம் நிரம்பி வழியும்!

இந்தக் குறுவை அறுப்பில் கூலித் தகராறு முற்றி, மிராசுதாரின் ஆட்கள் கூலிக்காரர் தெருவில் இருக்கும் காத்தான் என்ற தொழிலாளியின் மண்டையை உடைத்துவிட்டார்கள். "அந்தத் தெரு ஆளுங்களைத் தொடாதீங்க" என்று டாக்டர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார் மிராசுதார். விண்ணரசி தையல் போட்டார். அவ்வளவுதான், சங்கத் தலைவர் டாக்டர் சாமிதுரைக்கு மூக்குக்கு மேல் கோபம். அவருக்கும் நிலம் இருக்கிறதே! விண்ணரசியை நீக்கக் கூட்டம் போட்டுவிட்டார். நீக்கினால் அவர் அனுப்பும் நோயாளிக்கு ஓர் எக்ஸ்ரேகூட எவரும் எடுக்கமாட்டார்கள். அந்தத் தெருவுக்கு இருந்த ஒரே டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். "நீக்கச் சம்மதிக்கிறவங்க கையைத் தூக்கலாம்" என்று தலைவரே முதலில் தூக்கினார். சடசடவென்று கைகள் எழுந்தன.

விண்ணரசி எழுந்து ஒவ்வொரு கையாக உற்றுப் பார்த்தார். ஒருவரின் கையருகே நின்றார். "மெதுவா தூக்குங்க சார். சுளுக்குப் பிடிச்சுக்கிட்டா அப்புறம் யாருகிட்ட போவீங்க?"

அந்தக் கை இறங்கியது. அடுத்தவரைப் பார்த்து வெறுமனே சிரித்தார், அதுவும் இறங்கியது. பிறகு மளமளவென்று எல்லாக் கையும்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவரின் கை மட்டும் வீம்பாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் காத்தானின் மனைவி ராமாயி வந்து நின்றாள். "டாக்டரம்மா, தையல் விட்டு ரத்தம் வருதுங்க!"

விண்ணரசி மருந்துப் பையை எடுத்தார். நேரே போய்ச் சாமிதுரையின் தூக்கிய கையில் மாட்டினார். "சும்மாத்தானே நிக்குது இந்தக் கை. பிடிச்சுக்கிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

பையை எங்கே வைப்பது என்று சாமிதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் கை நீட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையோடு பின்னால் ஓடினார்.